ஸ்டெல்லா செர்ரிக் கன்று: ஆறு கோடை பார்த்த பிறகு எழுதும் விமர்சனம்

இது கடைக்கான விமர்சனம் இல்லை, மரத்துக்கான விமர்சனம். ஸ்டெல்லா என்ற செர்ரி ரகம், கிசெலா 5 என்ற வேர்ச்செடியில் (ஒட்டுக்கு அடியில் வேராக நிற்கும் செடி) ஒட்டியது. இங்கிலாந்தில் பல நர்சரிகளில் கிடைக்கும். நான் 2020 ஜனவரியில் வாங்கினேன். கன்று 34 பவுண்ட், அனுப்பும் கூலி 8 பவுண்ட். இருப்பது கென்ட்டில், ஜில்லிங்ஹாமில். தோட்டம் என்று சொல்லிக்கொள்வது பெருமைக்குத்தான், வீட்டுக்குப் பின்னால் ஒன்பது மீட்டருக்கு ஆறு மீட்டர் புல்தரை. அதில் ஏற்கெனவே ஒரு செர்ரி மரம் ஏமாற்றிக்கொண்டு நின்றது. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தக் கன்றின் அருமை புரியாது.

2015-இல் ஒரு மலிவு விலைக் கடையில், பால் ரொட்டி வாங்கப் போன இடத்தில், பத்து பவுண்டுக்குச் செர்ரிக் கன்று அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டையில் சிவப்புப் பழத்தின் படம், கீழே ‘செர்ரி’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். தேனி மாவட்டத்திலிருந்து வந்தவளுக்குச் செர்ரி என்றால் பேக்கரி கேக் மேல் இருக்கும் சிவப்பு உருண்டைதான். அது சாயம் போட்டுச் சர்க்கரையில் ஊறிய களாக்காய் என்று தெரியவந்தபோதே எனக்கு முப்பது வயது. அசல் செர்ரி என் வீட்டிலேயே காய்க்கப்போகிறது என்ற ஆசையில் வாங்கி, அன்று மாலையே குழி தோண்டி நட்டுவிட்டேன்.

2017 ஏப்ரலில் பூத்தது. அடடா, அப்படி ஒரு பூ. மரம் முழுக்க வெள்ளை. ஊருக்குப் படம் அனுப்பினேன். மே மாதம் பூவெல்லாம் உதிர்ந்தது, ஒரு பிஞ்சு நிற்கவில்லை. 2018-லும் அப்படியே, 2019-லும் அப்படியே. ஆனால் வளர்த்தி மட்டும் குறையவில்லை; மூன்றாம் வருடமே வேலியைத் தாண்டிவிட்டது.

அப்பா பெரியகுளத்தில் மாங்கன்று ஒட்டுக்கட்டுகிறவர். நாட்டு மாங்கொட்டையை முளைக்கவைத்து அதன்மேல் இமாம்பசந்தும் கல்லாமையும் ஏற்றிக் கட்டியே எங்களைப் படிக்கவைத்தார். வீடியோவில் மரத்தைக் காட்டியபோது முதல் கேள்வியே, “என்ன ரகம்த்தா?” தெரியாது என்றேன். “சரி, எதுமேல ஒட்டுனது?” அதுவும் தெரியாது. “ரெண்டும் சொல்லாதவன்கிட்ட காசு குடுத்திருக்கியே, படிச்ச புள்ள” என்றார். கடைக்குப் போய்க் கேட்டேன். பில் இருந்தால் திருப்பித் தாருங்கள் என்றார்கள். நான்கு வருடம் மண்ணில் நின்ற மரத்தை எப்படித் திருப்பித் தருவது?

2019 ஜூலையில் ஃபேவர்ஷாம் பக்கம் இருக்கும் பிராக்டேல் பழமரத் தோட்டத்துக்குப் போனோம். பிரிட்டனின் தேசியப் பழ ரகத் தொகுப்பு அங்கேதான் நிற்கிறது. அரசுக்குச் சொந்தம், ரெடிங் பல்கலைக்கழகம் பராமரிக்கிறது. ஜில்லிங்ஹாமிலிருந்து ரயிலில் போனால் ஃபேவர்ஷாமுக்கு முந்தைய நிறுத்தம் டெய்ன்ஹாம். எட்டாம் ஹென்றியின் பழத்தோட்டக்காரர் ரிச்சர்ட் ஹாரிஸ் 1533-இல் மன்னருக்காகச் செர்ரித் தோப்புப் போட்டது அந்த ஊரில்தான் என்பார்கள். இப்போது இறங்கிப் பார்த்தால் சாதாரண ஸ்டேஷன், ஒரு சிமென்ட் பெஞ்சு. பிராக்டேலை இந்த விமர்சனத்தோடு சேர்த்தே சிபாரிசு செய்கிறேன். கன்று வாங்குவதற்கு முன் ஒரு ஜூலை மாதம் போய் மரங்களுக்கு இடையில் நடந்துவிட்டு வாருங்கள். கறுப்பு, சிவப்பு, மஞ்சளில் சிவப்புக் கன்னம் வைத்தது, நகத்தளவில் சிறுத்தது என்று செர்ரியில் இத்தனை முகம் உண்டா என்று வாய் பிளப்பீர்கள்.

சுற்றிக் காட்டிய பெரியவரிடம் என் மலட்டு மரத்தைப் பற்றிச் சொன்னேன். “பக்கத்தில் வேறு செர்ரி இருக்கிறதா?” என்று கேட்டார். அடுத்த வீட்டில் அழகுக்கு வைத்த ஜப்பான் செர்ரி ஒன்று, கன்ஸான், அடுக்கடுக்காக ரோஜா நிறத்தில் பூக்கும் என்றேன். சிரித்துவிட்டார். அதில் மகரந்தக் கேசரங்களே இதழ்களாக மாறிவிட்டன, மகரந்தத்துக்கு எங்கே போகும் என்றார். பிறகு அவர் சொன்னதுதான் எனக்குச் சட்டென்று விளங்கியது. ஏனென்றால் என் வேலை ரத்த வங்கியில். நாள் முழுக்க யார் ரத்தம் யாருக்குச் சேரும் என்று பொருத்தம் பார்ப்பவள் நான். செர்ரிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டுமாம்!

இனிப்புச் செர்ரியின் ஒவ்வொரு மரத்திலும் எஸ் என்ற மரபணுவின் இரண்டு வடிவங்கள் இருக்கும். எஸ்3, எஸ்4 என்று எண் போட்டு வைத்திருக்கிறார்கள். மகரந்தத்துகள் ஒவ்வொன்றிலும் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். அது பூவின் நடுவில் நிற்கும் சூல்தண்டில் விழுந்து குழாய் விட்டு இறங்கும்போது, அந்தத் தண்டில் இருக்கும் இரண்டு எண்ணில் ஒன்றோடு ஒத்துப்போனால் பாதி வழியிலேயே நொதி ஒன்று அதன் ஆர்.என்.ஏ-வைச் சிதைத்து நிறுத்திவிடும். நம் ஊரில் பங்காளி வீட்டில் பெண் எடுக்கமாட்டார்கள், மாமன் மச்சான் முறை இருந்தால்தான் பேச்சே எடுப்பார்கள் அல்லவா, அதே கணக்கு. சொந்த மகரந்தம் எப்போதும் பங்காளி. அதனால் தனி மரம் காய்க்காது. இரண்டு மரம் வைத்தாலும் இரண்டும் ஒரே எண் ஜோடி என்றால் அதுவும் காய்க்காது. பிங், லாம்பர்ட், நெப்போலியன் மூன்றும் எஸ்3 எஸ்4. பெயர்தான் வேறு, வீடு ஒன்று. மூன்றையும் சேர்த்துத் தோப்புப் போட்டவன் பூவை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

எந்த ரகம் எந்த வீடு என்று பிரித்துப் பட்டியல் போட்டதில் பெரும் பங்கு ஜான் இன்ஸ் தோட்டக்கலை நிறுவனத்துக்கு, குறிப்பாக எம். பி. க்ரேன் என்பவருக்கு. அந்த நிறுவனம் அப்போது இருந்தது தெற்கு லண்டனின் மெர்ட்டனில். டூட்டிங்கில் தோசை சாப்பிடப் போகும் நம் ஆட்களுக்கு அது கூப்பிடு தூரம். இன்னொன்றும் உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் வேலை பார்த்த ஜானகி அம்மாள் 1940-இல் சேர்ந்ததும் இதே நிறுவனத்தில்தான். குரோமோசோம் எண்ணுவதில் கெட்டிக்காரர். சாகுபடிச் செடிகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து அவரும் சி. டி. டார்லிங்டனும் 1945-இல் ஒரு பெரிய நூல் போட்டார்கள். அந்த டார்லிங்டன் தன் இளவயதில், 1928-இல், செர்ரி குடும்பத்துக் குரோமோசோம்களைப் பற்றித்தான் ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார். இதையெல்லாம் படித்த பிறகு டூட்டிங் போகும் பேருந்தில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தே வருகிறேன், ஏதோ தெரிந்துவிடப்போகிறது போல.

இப்போது ஸ்டெல்லாவுக்கு வருகிறேன். எம்பெரர் ஃபிரான்சிஸ் என்ற ரகமும் நெப்போலியனும் ஒரே வீடு, இரண்டும் எஸ்3 எஸ்4. ஒன்றின் பூவில் மற்றதன் மகரந்தத்தைப் போட்டால் ஒன்றுமே பிடிக்காது. ஜான் இன்ஸில் டான் லூயிஸ் என்பவர் வேண்டுமென்றே இந்த ஆகாத ஜோடியைத்தான் எடுத்தார். நெப்போலியன் மகரந்தத்துக்கு எக்ஸ்ரே காட்டி எம்பெரர் ஃபிரான்சிஸ் பூவில் தூவினார்கள். கதிர்வீச்சு எங்கே அடிக்கும் என்று யார் கண்டது. பெரும்பாலான துகள்கள் வழக்கம்போல் வாசலிலேயே நின்றுபோகும். எதன் எஸ் அடையாளம் அடிபட்டுக் கெட்டுப்போனதோ அது மட்டும் உள்ளே நுழையும். கோடித் துகள்களில் தேவையான ஒன்றைத் தேடும் வேலையைப் பூவின் தண்டே சல்லடையாக நின்று செய்து கொடுத்துவிட்டது! இந்தப் பிறழ்வுகளைப் பற்றி லூயிஸும் க்ரோவும் 1954-இல் கட்டுரை வெளியிட்டார்கள். அப்படிப் பிறந்த ஒரு நாற்றுதான் ஜே.ஐ. 2420.

அது கனடாவுக்குப் போனது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் சம்மர்லாண்ட் ஆய்வு நிலையத்தில் லாபின்ஸ் என்பவர் அதை லாம்பர்ட்டோடு கலந்து, 1968-இல் வெளியிட்டது ஸ்டெல்லா. தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், சந்தைக்கு வந்த முதல் இனிப்புச் செர்ரி. அதற்கு என்ன ஆயிற்று என்று பிற்பாடு மூலக்கூறு அளவில் பிரித்துப் பார்த்தபோது, மகரந்தப் பக்கத்து மரபணுவில் வெறும் நான்கு எழுத்து விழுந்துபோயிருந்தது. டி.என்.ஏ-வில் நான்கு எழுத்து. அதனால் அந்த மரபணுவிலிருந்து உருவாகும் புரதம் தாறுமாறாகி, தண்டின் காவலுக்கு அது பங்காளி என்றே தெரிவதில்லை. இந்தக் கெட்டுப்போன எஸ்4-க்குப் பக்கத்தில் மேலே ஒரு சின்னக் கோடு போட்டு எழுதுவார்கள்.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று உண்டு. ஸ்டெல்லா மகரந்தத்தில் பாதி எஸ்3, அது சொந்தப் பூவிலேயே தடுக்கப்படும். மீதிப் பாதி அந்தக் கோடு போட்ட எஸ்4, அது மட்டும் நுழையும். ஆகத் தானே காய்த்த ஸ்டெல்லாவின் கொட்டை ஒவ்வொன்றிலும் அந்தக் கோடு போட்ட எஸ்4 இருந்தே தீரும். முளைக்கும் கன்று எல்லாமே தானாகக் காய்க்கக்கூடியதுதான். ரகம் உருவாக்குகிறவர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? வான் என்ற ரகத்தோடு கலந்து லாபின்ஸ், சன்பர்ஸ்ட், பிறகு பேத்தி முறையில் ஸ்வீட்ஹார்ட் என்று வரிசையாக வந்துவிட்டன. என் கவலையும் அங்கேதான். எல்லோரும் ஒரே பாட்டியின் வம்சமாகிக்கொண்டே போனால், நாளை ஒரு நோய் வந்தால் எல்லாம் சேர்ந்து படுக்கும். பிராக்டேலில் யாரும் வாங்காத பழைய ரகங்களைக் கட்டிக் காப்பது அதனால்தான் முக்கியம்.

கன்று வந்த கதை. ஜனவரியில் நீள அட்டைப்பெட்டி. மண் கிடையாது, வேரை ஈரக் காகிதத்தில் சுற்றி பிளாஸ்டிக் பை கட்டியிருந்தார்கள். பிரித்ததும் வேரை முகர்ந்து பார்த்தேன் (அப்பா வழக்கம்), அழுகல் வாடை இல்லை. இரண்டு வயதுக் கன்று, நான்கு பக்கக் கிளை, அட்டையில் ரகம், வேர்ச்செடி இரண்டும் எழுதியிருந்தது. அதற்கே அரை மார்க் போட்டுவிட்டேன்.

வேர்ச்செடியைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை, பேச வேண்டும். ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகத்தில் புளிப்புச் செர்ரியான ஷாட்டன்மொரெல்லையும், சீனத்துச் செர்ரி இனமான புரூனஸ் கேனசென்ஸையும் கலந்து உண்டாக்கியது கிசெலா 5. இனிப்புச் செர்ரிக்கும் கேனசென்ஸுக்கும் 16 குரோமோசோம். புளிப்புச் செர்ரிக்கு 32. அதுவே ஒரு காலத்தில் இனிப்புச் செர்ரியும் ஸ்டெப்பிப் புல்வெளியின் குட்டைச் செர்ரியும் கலந்து பிறந்த நான்மடியம், அதாவது குரோமோசோம் நான்கு தொகுதி உள்ளது. பதினாறும் முப்பத்திரண்டும் சேர்ந்தால் பிள்ளைக்கு இருபத்துநான்கு, மும்மடியம் (மூன்று தொகுதி). நம் வாழையைப் போல. கம்பம் பள்ளத்தாக்கு முழுக்க நிற்கும் வாழை மும்மடியம் என்பதால்தான் பழத்தில் விதை இல்லை. கிசெலாவும் அதே மாதிரி விதையால் பெருகாது, குச்சியிலிருந்தோ திசு வளர்ப்பிலிருந்தோதான் எடுக்கிறார்கள். அதன் மேல் ஏறிய மரம் மூன்று மீட்டரைத் தாண்டாது, மூன்றாம் வருடமே காய்க்கும். விலையும் உண்டு: வேர் மேலாகவே ஓடும், காலம் முழுக்க முட்டுக்கொம்பு வேண்டும், கோடையில் இரண்டு நாள் தண்ணீர் மறந்தால் இலை சுருண்டுவிடும். மண் அவ்வளவு வளமில்லாதவர்கள் கோல்ட் வேர்ச்செடி கேளுங்கள், அதுவும் மும்மடியம்தான். எங்கள் கென்ட்டின் ஈஸ்ட் மாலிங் நிலையத்துப் பிள்ளை. ஆனால் மரம் பெரிதாகும்.

2022-இல் 23 பழம், எண்ணி வைத்திருக்கிறேன். 2023-இல் இரண்டு கிலோ காய்த்ததில் முக்கால்வாசியைக் காட்டுப்புறாவும் கறுப்புக் குருவியும் தின்றுவிட்டன. அதற்கடுத்த வருடம் ஊரிலிருந்து கொண்டுவந்த இரட்டைக் கட்டில் கொசுவலையை எடுத்து மரத்துக்கே கட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் மரத்துக்குக் கல்யாணமா என்று கேட்டார். சிரித்தாலும் சொல்கிறேன், பறவை வலையைவிட இது உத்தமம். 2012-இல் இந்த நாட்டுக்குள் வந்த புள்ளி இறக்கை ஈ, பழுக்கும் பழத்துக்குள்ளேயே முட்டை வைக்கும். பெரிய கண் வலையில் அது தாராளமாக நுழைந்துவிடும், கொசுவலையில் அவ்வளவு சுலபம் இல்லை. 2025-இல் ஆறு கிலோ. ஜூலை மூன்றாம் வாரம் பழுக்கும், கறுஞ்சிவப்பு, இதய வடிவம், கடித்தால் கன்னம் வரை சாறு. சூப்பர்மார்க்கெட் செர்ரியை இனி என் பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

குறை இரண்டு. முதலாவது, மழை. பழுக்கும் வாரத்தில் மழை பெய்தால் தோல் வழியாகவும் வேர் வழியாகவும் தண்ணீர் ஏறி, பழம் வாய் பிளந்தது போல் வெடிக்கும். ஸ்டெல்லாவுக்கு இந்த வியாதி கொஞ்சம் அதிகம். 2024-இல் பாதிப் பழம் அப்படிப் போனது. கென்ட் விவசாயிகள் தோப்பையே பிளாஸ்டிக் கூரைக்குள் வைப்பது இதனால்தான். இரண்டாவது, பட்டைப்புண் நோய். இதில் என் தப்பும் உண்டு. மாமரத்தை நினைத்துக்கொண்டு பிப்ரவரியில் ஒரு கிளையை வெட்டினேன். ஏப்ரலில் வெட்டுவாயில் தேன் நிறத்தில் பிசின் வடிந்தது, மே மாதம் கிளை கருகியது. செர்ரியைக் குளிர்காலத்தில் வெட்டக் கூடாது. ஈரத்தில் நோய்க்கிருமி வெட்டுக்காயம் வழியாகப் புகுந்துவிடும். பழம் பறித்த கையோடு, வெயிலில் வெட்டுங்கள்.

ஊரில் உள்ளவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன்: தேனியில் நட வேண்டாம். மொட்டு விழிக்க ஆயிரம் மணிநேரம் போலக் குளிர் வேண்டும். கொடைக்கானலில் பிளம்ஸும் பீச்சும் காய்ப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள், எல்லாம் ஒரே புரூனஸ் குடும்பம் என்றாலும் செர்ரி அவற்றைவிடக் குளிர் கேட்கும்.

மார்க்? ஐந்துக்கு நான்கு. இடம் சிறியது, ஒரே ஒரு செர்ரிதான் வைக்க முடியும் என்றால் இதை வாங்கலாம். வெடிப்பு பயமாக இருந்தால் இதன் மகள் லாபின்ஸைப் பாருங்கள்.

அந்தப் பழைய மரம்? வெட்டிவிடலாம் என்று ஆள் கேட்டு வைத்திருந்தேன். 2023 ஜூனில் துணி காயப்போடும்போது தலைக்கு மேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மலட்டு மரத்தில் கொத்துக் கொத்தாகக் காய். ஸ்டெல்லா பூத்த கையோடு இதற்கும் மகரந்தம் கிடைத்துவிட்டது. எங்கள் ரத்த வங்கியில் ஓ நெகட்டிவுக்கு இருக்கும் மரியாதை தோட்டத்தில் ஸ்டெல்லாவுக்கு. பூக்கும் காலம் ஒத்துப்போனால் போதும், எந்த வீட்டு மரத்துக்கும் கொடுக்கும். பழம் மஞ்சள், வெயில் பட்ட பக்கம் சிவப்பு, நெப்போலியன் சாயல். இனிப்பு ஸ்டெல்லா அளவு இல்லை, ஆனால் மிளகாய்த்தூள் போட்டுத் தொக்கு வைத்தால் பிரமாதம்.

அப்பாவுக்கு வீடியோவில் காட்டினேன். பழத்தைப் பார்த்துவிட்டு, “சரி, அடிமரத்தைக் காட்டு, ஒட்டு எங்க இருக்கு?” என்றார். குனிந்து தேடினேன், காணவில்லை. கையால் மண்ணை விலக்கிப் பார்த்தால் ஒரு சாண் கீழே புதைந்து கிடந்தது. ஒட்டுக்கு மேலே இருந்த தண்டே வேர் விட்டிருந்தது. அடியில் குட்டை வேர்ச்செடியே இருந்திருந்தாலும் அதற்கு வேலையில்லாமல் போயிருக்கும். அப்பா ஒன்றும் சொல்லவில்லை, போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.